சிலேட்டுக் கொக்கும் ஒகவாங்கோ வெள்ளமும்

இறக்கை இரண்டையும் குடையாக விரித்து, அந்த நிழலுக்குள் தலையை விட்டு மீன் பிடிக்கும் கருங்கொக்கின் வீடியோ உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். ஆப்பிரிக்காவின் நீர்ப்பறவைகளில் அதற்குத் தனிப் புகழ். அதே கண்டத்தின் தெற்குப் பகுதியில், கிட்டத்தட்ட அதே உருவத்தில், அதே இருண்ட நிறத்தில் இன்னொரு கொக்கு இருக்கிறது. அது குடை விரிப்பதில்லை. அதனாலோ என்னவோ, அதைப் பற்றிப் பேசுபவர்களும் குறைவு. ஆங்கிலத்தில் ஸ்லேட்டி எக்ரெட் என்று பெயர். நாம் சிலேட்டுக் கொக்கு என்று வைத்துக்கொள்வோம். மொத்த உலகத்திலும் சில ஆயிரம் பறவைகள்தான் இருக்கின்றன. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன், தன் செம்பட்டியலில் இதை அழிய வாய்ப்புள்ள இனமாகக் குறித்திருக்கிறது.

அரிய பறவை என்பதற்காக மட்டும் இதைப் பற்றி எழுதவில்லை. ஆற்றுச் சூழலியலில் 'வெள்ளத் துடிப்பு' என்று ஒரு கருத்து உண்டு. ஆறு ஆண்டுதோறும் கரை தாண்டிப் பரவுவதும், பிறகு வடிவதும் அந்த ஆற்றின் இயல்பான இயக்கம், அதில் வாழும் உயிர்களுக்கு அதுதான் அடிப்படை என்று சொல்லும் கருத்து அது. 1989-ல் யுங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை ஒரு கோட்பாடாக எழுதினார்கள். படிக்கும்போது பாடப்புத்தக விஷயமாகத் தெரியும். ஆனால் இந்தக் கொக்கு எங்கே நிற்கிறது, எதைத் தின்கிறது, எங்கே கூடு கட்டுகிறது என்று பார்த்தால் அதே கருத்து கண்ணுக்கு எதிரே நடப்பதாகத் தெரியும்.

முதலில் பறவையைப் பார்த்துவிடலாம். நீளம் 43 முதல் 60 செ.மீ. வரை. நம் ஏரிக்கரைகளில் நிற்கும் சின்னக் கொக்கை விடப் பெரியது கிடையாது. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. உடல் முழுக்கக் கருஞ்சாம்பல். தொண்டையிலும் முன்கழுத்திலும் மட்டும் செம்பழுப்புச் சாயல். இருண்ட உடலில் அந்தச் சாயல் தூரத்திலிருந்து எடுபடாது. பக்கத்தில், நல்ல வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். கால்களைப் பார்ப்பது அதைவிடச் சுலபம். கருங்கொக்குக்குக் கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். சிலேட்டுக் கொக்குக்குக் காலின் கீழ்ப்பகுதியும் சேர்ந்து மஞ்சள்.

இந்த வித்தியாசங்கள் சின்னவை என்பதால், அறிவியல் உலகமே இதைத் தனி இனமாக ஏற்க நீண்ட காலம் எடுத்துக்கொண்டது. 1895-ல் ஷார்ப் என்ற பிரிட்டிஷ் பறவையியலாளர் இதற்குப் பெயர் வைத்து விவரித்தார். அப்புறம் பல பத்தாண்டுகள், இது கருங்கொக்கின் ஒரு நிறவேறுபாடு என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். 1971-ல் இர்வின், பென்சன், புரூக் மூவரும் சேர்ந்து இது முழுத் தனி இனம் என்று நிறுவினார்கள். அதாவது இப்படி ஒரு பறவை இருப்பது உறுதியாகி ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன் அது எத்தனை இருந்தது, எங்கெல்லாம் இருந்தது என்பதற்குச் சரியான கணக்கே இருக்க முடியாது. கருங்கொக்கு என்று நினைத்துக் கடந்துபோன பறவைகளில் எத்தனை இதுவாக இருந்திருக்கும் என்று யோசித்தால் மனம் சங்கடப்படுகிறது.

சரி, அது சாப்பிடுவதைக் கவனிப்போம். இந்தக் கதையின் மையமே அங்கேதான் இருக்கிறது.

சிலேட்டுக் கொக்கு திறந்த நீர்ப்பரப்பைத் தேடிப் போவதில்லை. புல்லும் கோரையும் தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும் இடமாகப் பார்த்து இறங்குகிறது. அங்கேயும் ஆழம் பெரும்பாலும் 10 செ.மீ.க்குள்தான் இருக்க வேண்டும். மெதுவாக நடக்கும், நிற்கும், ஒரு காலை முன்னே வைத்துப் புல்லின் அடியில் கலக்கும். ஒளிந்திருக்கும் சின்ன மீனோ தவளையோ மிரண்டு வெளியே வந்தால் ஒரே கொத்து. நம் ஊரில் சின்னக் கொக்கு இதே வேலையைச் செய்வதை எந்த ஏரி ஓரத்திலும் பார்க்கலாம். மஞ்சள் பாதத்தைச் சேற்றில் நடுக்கி நடுக்கி, கண்ணை அங்கேயே வைத்திருக்கும். சிலேட்டுக் கொக்கின் உணவில் பெரும்பங்கு சிறு மீன்கள். தவளை, நத்தை, தும்பி போன்றவையும் உண்டு.

பத்து செ.மீ. என்பது ஒரு சாண் கூட இல்லை. அந்த ஆழம் ஓர் இடத்தில் எத்தனை நாள் நிற்கும்? தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால் சில நாளில் மூழ்கிவிடும். இறங்கிக்கொண்டிருந்தால் சில நாளில் காய்ந்துவிடும். அதனால் இந்தப் பறவைக்கு நிலையான இரைத்தளம் என்று ஒன்று கிடையாது. ஈரநிலத்தின் விளிம்பு நகர்ந்துகொண்டே இருக்கிறது, அதன் பின்னாலேயே இதுவும் நகர்கிறது. அப்படி நகரும் விளிம்பு மாதக்கணக்கில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு எங்கே கிடைக்கும் என்று தேடினால் பதில் ஒகவாங்கோவில் கிடைக்கிறது.

மழைக்காலம் முடிந்தபின் வரும் வெள்ளம்

ஒகவாங்கோ கடலைச் சேராத ஆறு. அங்கோலாவின் நடு மேட்டுநிலத்தில் குபாங்கோ, குய்ட்டோ என்ற இரண்டு ஆறுகளாகத் தொடங்கி, நமீபியாவின் ஒரு குறுகிய துண்டைக் கடந்து, போட்ஸ்வானாவில் கலஹாரியின் மணலுக்குள் நுழைந்து விரிகிறது. அங்கே அமைந்திருப்பதுதான் ஒகவாங்கோ டெல்டா. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாகச் சேர்ந்தது.

இந்த டெல்டாவைப் பற்றிப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் ஆச்சரியமாக இருக்கும். அங்கே மழை பெய்யும் காலமும் வெள்ளம் வரும் காலமும் வேறுவேறு. போட்ஸ்வானாவில் மழை ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரை. அதே மாதங்களில்தான் அங்கோலாவிலும் கனமழை. ஆனால் அங்கே பெய்த தண்ணீர் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து வர வேண்டும். போட்ஸ்வானா எல்லையில் இருக்கும் மொஹெம்போவுக்கு வெள்ளத்தின் உச்சம் ஏப்ரல் வாக்கில் வந்து சேரும். டெல்டாவின் தெற்கு முனையில் உள்ள மவுன் நகரத்துக்கு ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடும். உள்ளூர் மழை நின்று, சுற்றிலும் நிலம் காய்ந்து, யானைகள் தண்ணீர் தேடி அலையும் நேரத்தில் டெல்டாவில் வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு தாமதம் ஏன்? நிலம் அவ்வளவு சமம். சுமார் 250 கி.மீ. தூரத்துக்குச் சரிவு 60 மீட்டர் அளவுதான். தண்ணீருக்கு ஓட வேகமே கிடைப்பதில்லை. பாப்பிரஸ் கோரைக்குள்ளும் புல்வெளிக்குள்ளும் நுழைந்து, மணலில் ஊறி, ஊறியது போக மிச்சம்தான் அடுத்த அடி வைக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 10 கன கிலோமீட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது. அதில் மிகப் பெரும்பகுதி ஆவியாகவும் செடிகளின் வழியாகவும் காற்றுக்குப் போய்விடுகிறது. டெல்டாவைத் தாண்டி ஆறாக வெளியேறுவது சுமார் 2 சதவீதம்தான்.

இவ்வளவு ஆவியானால் உப்பு சேர்ந்து தண்ணீர் கெட்டுப்போக வேண்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே கரையான் புற்றில் தொடங்கி வளர்ந்த தீவுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. தீவின் ஓரத்து மரங்கள் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உப்பு தீவின் நடுவே நிலத்தடியில் போய்த் தங்குகிறது. சுற்றியுள்ள தண்ணீர் நன்னீராகவே இருக்கிறது. இது தனிக் கட்டுரைக்கான விஷயம், இங்கே இதோடு விடுகிறேன்.

வெள்ளம் பரவும்போது நடப்பதுதான் வெள்ளத் துடிப்பின் முதல் பாதி. பல மாதம் காய்ந்து கிடந்த புல்வெளியில் காய்ந்த புல், யானை, எருமை, லெச்வே மான்களின் சாணம் எல்லாம் சேர்ந்து கிடக்கும். அதன் மேல் ஆழமில்லாத, வெயிலில் சூடேறும் தண்ணீர் பரவினால் சத்தெல்லாம் கரைந்து வெளியே வரும். பாசி பெருகும், பாசியைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகும். ஆற்று வாய்க்கால்களில் இருந்த மீன்கள் புல்வெளிக்குள் ஏறி முட்டையிடும். பொரிந்த குஞ்சுகளுக்கு உணவும் உண்டு, புல்லுக்கு இடையில் மறைவும் உண்டு. இந்த நேரத்தில் கொக்குக்கு மீன் கிடைப்பது சுலபம் என்று சொல்ல முடியாது. மீன் நிறைய இருக்கிறது, ஆனால் பரந்த நீரில் சிதறி ஒளிந்திருக்கிறது.

இரண்டாம் பாதி வெள்ளம் வடியும்போது. குஞ்சாக இருந்த மீன்கள் விரல் நீளம் வளர்ந்திருக்கும். தண்ணீர் இறங்க இறங்க அவை பள்ளங்களிலும் ஓடைகளிலும் நெருங்கிச் சேரும். நாலு ஏக்கரில் இருந்த மீன் ஒரு குட்டைக்குள் வந்துவிடும். கொக்கு, நாரை, கூழைக்கடா எல்லாம் அங்கே திரளும். டெல்டாவின் வடக்கே பேன்ஹேண்டில் என்ற பகுதியில் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் கெளுத்திகள் பெருங்கூட்டமாகச் சேர்ந்து, புல்வெளியிலிருந்து இறங்கிவரும் சிறு மீன்களை வேட்டையாடிக்கொண்டே ஆற்றில் ஏறும். நம் நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்திதான் அது. இங்கே குளத்து மீன்களையெல்லாம் அழிக்கும் அந்நிய மீன், அங்கே அந்த ஆற்றின் சொந்தப் பிள்ளை.

இந்தக் கூட்டத்தில் சிலேட்டுக் கொக்குக்குக் கிடைத்த இடம், மற்ற பெரிய பறவைகள் அவ்வளவாக அக்கறை காட்டாத மிக ஆழமற்ற, புல் அடர்ந்த ஓரம். அந்த ஓரத்தில் மனிதர்களுக்கும் வேலை இருக்கிறது. வெள்ளம் வடிந்த ஈர மண்ணில் மக்காச்சோளமும் சோளமும் விதைப்பதை அங்குள்ளவர்கள் மொலாப்போ விவசாயம் என்கிறார்கள். மழையை நம்பாமல் வெள்ளம் விட்டுச்சென்ற ஈரத்தை நம்பிச் செய்யும் விவசாயம் இது. கொக்கும் விவசாயியும் ஒரே நீர்க்கோட்டைத்தான் பின்தொடர்கிறார்கள்.

கூட்டுக்கு வேறு தண்ணீர்

சாப்பாட்டுக்கு ஆழமற்ற ஓரம் வேண்டும் என்று பார்த்தோம். கூடு கட்டும்போது இதே பறவைக்கு வேறு மாதிரி இடம் தேவைப்படுகிறது. நீருக்குள் நிற்கும் நாணல் காடு, அல்லது தண்ணீரில் வளரும் ஒரு வகை அத்தி. கொமோட்டி என்று உள்ளூரில் சொல்வார்கள். சில இடங்களில் தீவுகளில் உள்ள வேல மரங்கள். தனியாகவும் கட்டாது, மற்ற நீர்ப்பறவைகளோடு கூட்டமாகக் கட்டும்.

கூட்டுக்குக் கீழே தண்ணீர் நிற்பது முக்கியம். தண்ணீர் நின்றால் நரியும் காட்டுப்பூனையும் எளிதில் வர முடியாது, மாடு நுழையாது, தீ பரவாது. ஆக, ஒரே பருவத்தில் இதற்கு இரண்டு தண்ணீர் வேண்டும்: கூட்டின் அடியில் குஞ்சு பறக்கும்வரை வடியாத தண்ணீர், பறந்துபோய் வரும் தூரத்தில் வடிந்துகொண்டிருக்கும் தண்ணீர். வெள்ளம் மெதுவாக வந்து மெதுவாக வடியும் பெரிய பரப்பில்தான் இரண்டும் அருகருகே கிடைக்கும். ஒரு குளத்தை வெட்டி வேலி போட்டு, 'கொக்குகள் சரணாலயம்' என்று பலகை வைத்தால் இந்தப் பறவைக்குப் பயன் ஏதுமில்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

நாணலுக்கு மனிதர்களிடமும் தேவை இருக்கிறது. வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் அறுக்கிறார்கள். புதுப்புல் முளைக்கவும், மீன்பிடிக்க வழி கிடைக்கவும் தீ வைக்கிறார்கள். இதில் யாரையும் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. கூடு இருக்கும் நாணல் திட்டுகளைக் கூடு கட்டும் மாதங்களில் மட்டும் விட்டுவைத்தாலே பெரிய வித்தியாசம் வரும். இதற்கு ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசுவதைத் தவிர வேறு குறுக்குவழி கிடையாது. ஆப்பிரிக்க-யூரேசிய நீர்ப்பறவைகள் ஒப்பந்தத்தின் கீழ் 2012-ல் இந்த ஓர் இனத்துக்கென்றே ஒரு சர்வதேசச் செயல்திட்டம் வந்தது.

துடிப்பு நின்றால் என்ன ஆகும்?

இதற்கு ஊகம் தேவையில்லை. சாம்பியாவில் காஃபூவே ஆற்றின் வெள்ளச் சமவெளி இருக்கிறது. சிலேட்டுக் கொக்கு வாழும் இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே 1970களில் இரண்டு அணைகள் வந்தன. சமவெளிக்குக் கீழே காஃபூவே கார்ஜ் என்ற குறுகிய பள்ளத்தாக்கில் மின்சாரத்துக்காக ஒன்று. அதற்கு ஆண்டு முழுக்கத் தண்ணீர் கொடுக்க, சமவெளிக்கு மேலே இட்டேஸி-டேஸியில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது சமவெளி. டர்பைனுக்கு வேண்டியது ஏற்ற இறக்கமில்லாத நீரோட்டம். சமவெளிக்கு வேண்டியது ஏற்ற இறக்கம். சில பகுதிகளில் தண்ணீர் வடியாமல் நின்றுவிட்டது, வேறு சில பகுதிகளுக்கு வெள்ளம் பழையபடி வருவதில்லை. லெச்வே மான்கள் குறைந்தன. லோக்கின்வார் பகுதியில் தென்னமெரிக்காவிலிருந்து வந்த மிமோசா பிக்ரா என்ற முட்புதர் புல்வெளிகளை மூடியது. தொட்டாற்சுருங்கியின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம். புல் இருந்த இடத்தில் புதர் வந்தபின் அங்கே காலால் கலக்கி மீன் தேடக் கொக்குக்கு இடமே இல்லை.

இந்தச் சிக்கல் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது என்பதுதான் வேதனை. மார்ச் மாதத்தில் செயற்கையாக ஒரு வெள்ளம் திறந்துவிட வேண்டும் என்பதற்காகவே இட்டேஸி-டேஸி அணையில் கூடுதல் கொள்ளளவு சேர்த்துக் கட்டினார்கள். ஆனால் இயற்கை வெள்ளத்தின் நேரத்தையும் பரப்பையும் அது திருப்பித் தரவில்லை. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஆற்றில் ஓடும் தண்ணீரின் மொத்த அளவு பெரிதாக மாறாமலே இருக்கலாம். மாறியது அது எப்போது வருகிறது, எவ்வளவு தூரம் பரவுகிறது, எந்த வேகத்தில் வடிகிறது என்பவை. வெள்ளத் துடிப்பு என்ற கருத்தைப் புதிதாகப் படிப்பவர்கள் இந்த ஓர் உதாரணத்தை மட்டும் நினைவில் வைத்தால் போதும் என்பேன்.

ஒகவாங்கோவுக்கு இதுவரை அந்த நிலை வரவில்லை. முயற்சிகள் நடக்காமல் இல்லை. டெல்டாவின் தென்பகுதியில் போரோ ஆற்றை ஆழப்படுத்தி, நீர்த்தேக்கங்கள் கட்டித் தண்ணீர் எடுக்கும் பெரிய திட்டம் ஒன்றை போட்ஸ்வானா அரசு கொண்டுவந்தது. 1991-ல் மவுன் மக்கள் கூடி எதிர்த்தார்கள். அரசு திட்டத்தை நிறுத்தி வைத்து, ஐயுசிஎன் அமைப்பை ஆய்வு செய்யச் சொன்னது. பிறகு அதைக் கைவிட்டது. 1990களின் நடுவில் நமீபியா கடும் வறட்சியில் தவித்தபோது, ருண்டு அருகே ஆற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுபோகப் பார்த்தது. மழை வந்ததும் அது கிடப்பில் போனது. மூன்று நாடுகளும் சேர்ந்து பேச 1994-ல் ஒகாகாம் என்ற நிரந்தர ஆணையத்தை அமைத்திருந்ததால், இந்தப் பேச்சு சண்டையாக மாறாமல் மேசையில் நடந்தது.

அடுத்த பெரிய முடிவுகள் அங்கோலாவின் கையில் இருக்கின்றன. வெள்ளத்தின் பெரும்பகுதி அங்கே பெய்யும் மழையில் பிறக்கிறது. 1975 முதல் 2002 வரை நீடித்த உள்நாட்டுப் போரால் ஆற்றின் மேற்பகுதியில் பெரிதாக எதுவும் கட்டப்படவில்லை. போரில் எல்லாவற்றையும் இழந்த மக்களுக்குப் பாசனமும் மின்சாரமும் வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. தண்ணீரே எடுக்காதே என்று அவர்களிடம் சொல்வது நியாயமாகாது. எந்த மாதம் எடுக்கிறார்கள், வெள்ளத்தின் உச்சத்தை வெட்டாமல் எடுக்க முடியுமா என்பதுதான் பேச வேண்டிய விஷயம். காஃபூவேயில் நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகக் கிடைத்த அனுபவம் பக்கத்து நாட்டிலேயே இருக்கிறது.

அந்தப் பக்கம் போகும் வாய்ப்பு கிடைத்தால் ஒகவாங்கோவின் மொரேமி வனவிலங்குக் காப்பகம், சோபே ஆற்றின் வெள்ளப் புல்வெளி, நமீபியாவின் சாம்பேசி மாகாணம் ஆகிய இடங்களில் இதைத் தேடலாம். இருண்ட நிறத்தில் ஒரு கொக்கு தென்பட்டால் உடனே கருங்கொக்கு என்று எழுதிவிட வேண்டாம். கால் முழுதாகத் தெரியும்வரை காத்திருங்கள், தொண்டை தெரியும்படி ஒரு படம் எடுங்கள். எந்தத் தேதி, தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா, பறவை நின்ற இடத்தின் ஆழம் கணுக்கால் அளவா முழங்கால் அளவா என்பதையும் படத்தோடு குறித்து, ஈபேர்ட் போன்ற தளங்களில் பதிவு செய்யுங்கள்.